ஸனதும் சான்றிதழும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் மாணவர்களுக்கு ஆற்றிய உரை)



 

நம் பள்ளிவாசலின் ஹவுளில் ஐவேளையும் ஒளுச் செய்கிறோம். நீர் நிறைந்திருக்கும் நாளில் அதை நிறைத்தவரை எவரும் நினைப்பதில்லை. நீர் வராத நாளில்தான் மோதினாரைத் தேடுகிறோம். கணினித் துறையில் சர்வர் நிர்வாகமும் இத்தகைய பணியே. வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் தேர்வு முடிவும் நம் கைப்பேசிக்கு வர வேண்டுமெனில், எங்கோ ஒரு சர்வர் இடைவிடாது இயங்க வேண்டும். குறையேதும் நிகழாதிருப்பதே அதைக் காப்பவரின் வெற்றி.

கண்ணுக்குத் தெரியாத இவ்வேலையை ஒரு மாணவர் எவ்வாறு காட்டுவது? சென்ற ஆண்டு அஸருக்குப் பின் ஒரு பிள்ளை என்னிடம் வந்தார். தாயின் நகையை அடகு வைத்துப் பயின்றவர். கையில் நான்கு சான்றிதழ்கள். "நீங்களே அமைத்த சர்வர் ஒன்றைப் பற்றிக் கூறுங்கள்" என நேர்முகத் தேர்வில் கேட்டார்களாம். அவரிடம் பதில் இல்லை.

மதரஸாவில் கற்றதையே அவருக்குச் சொன்னேன். ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியை மட்டும் பார்ப்பதில்லை. யார் யாரிடம் கேட்டார் என்னும் ஸனதையும், அறிவிப்பாளரின் வாய்மையையும் ஆராய்வார்கள். டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ எனப்படும் பணித்தொகுப்பும் மாணவருக்கு அத்தகைய ஸனதே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய கணினியிலும் டெபியன் லினக்ஸை நிறுவிப் பழகலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் விளக்குகிறது. என்.பி.டி.இ.எல். பாடங்களையும் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம்.

ஒரு சர்வரை நிறுவுங்கள். பயனர்களுக்கு உரிய அனுமதிகளை மட்டும் அளியுங்கள். அப்பாச்சி வழியாக ஒரு வலைப்பக்கத்தை இயக்குங்கள். காப்பு நகல் எடுத்தபின், பழகும் சர்வரை நீங்களே அழித்து, அந்நகலிலிருந்து மீட்டெடுங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்பற்க! எந்நாளில் என்ன பழுது, ஏன் நேர்ந்தது, எவ்வாறு சரிசெய்தீர்கள் என்பதை எழுதி, கிட்ஹப் போன்ற தளத்தில் சேமியுங்கள்.

இதில் அமானிதம் பேணுங்கள். பிறர் எழுதியதை உமதென்று காட்டாதீர். யாரிடம் கற்றீரோ அவர் பெயரைக் குறிப்பிடுங்கள். உங்கள் தவறுகளை மறைக்காதீர். அவற்றைத் திருத்திய விதமே உங்கள் திறமைக்குச் சாட்சி. கடவுச்சொல்லை ஒருபோதும் அதில் எழுதாதீர். பின்னர் அழித்தாலும் பழைய பதிவுகளில் அது தங்கிவிடும்.

நம் சின்னமனூரின் பெயரை வரலாற்றறிஞர்கள் அறிந்தது பாண்டியர் காலச் செப்பேடுகளால் அன்றோ? செய்ததை எழுதி வைத்ததனால்தான் அவை ஆயிரம் ஆண்டு கடந்தும் சாட்சி கூறுகின்றன.

ஜமாஅத் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பழைய கணினிகளில் இரண்டையேனும் மாணவர்களுக்கென ஓர் அறையில் வைத்து, இணைய இணைப்பும் தாருங்கள். இன்னொரு தாயின் நகை அடகுக்குப் போகாதிருக்க அது உதவும்.

பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.