கடிவாளம் யாருக்கு?

(ஒரகடத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஷிப்டு முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். கூலியைப் பற்றியும் வேலை நிரந்தரத்தைப் பற்றியும் பேசாமல் ஒளிபரப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு டெலிவிஷன் இருக்கிறது. அதில் எது வரலாம், எது வரக்கூடாது என்பது நம்முடைய பிரச்னையே.

இன்றைய நிலைமை என்ன? சினிமாவுக்கு 1952-ம் வருஷத்துச் சட்டம். கேபிள் டெலிவிஷனுக்கு 1995-ம் வருஷத்துச் சட்டம். இணையத்துக்கு, 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2021-ல் போட்ட விதிகள். ஒரே படத்துக்குத் தியேட்டரில் ஒரு சட்டம், வீட்டில் வேறு சட்டம், போனில் இன்னொரு விதி! இதைச் சீர்செய்யத்தான் வேண்டும், நாம் மறுக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ல் தன் ஒளிபரப்பு விதிகளைத் திருத்தி, வீடியோ தளங்களையும் அவற்றுக்குள் கொண்டுவந்தது. 2022-ல் டிஜிட்டல் சேவைகளுக்கென்று ஒரு பொதுச் சட்டம் இயற்றியது. அதன்படி, ஒருவருடைய பதிவை நீக்கினால் கம்பெனி காரணம் சொல்லியாக வேண்டும். நாலரைக் கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. பெரியவனுக்குப் பெரிய கடிவாளம்!

இங்கே நடந்தது என்ன? 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு நகல் மசோதாவை வெளியிட்டது. கேபிளையும் இணையப் படங்களையும் ஒரே சட்டத்தில் அடக்குவது அதன் நோக்கம். நிகழ்ச்சியை முன்கூட்டியே பார்த்துச் சான்று தரும் குழு வேண்டும் என்றார்கள். இணையத்தில் தொழிலாகச் செய்தி சொல்லும் தனி ஆளையும் நிகழ்ச்சி விதிகளுக்குள் இழுத்தார்கள். 2024-ல் திருத்திய நகலையோ ஜனங்கள் முன் வைக்காமல், சிலர் கையில் மட்டும் கொடுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மேலும் ஆலோசித்துப் புது நகல் கொண்டுவருகிறோம் என்று அந்த ஆகஸ்டில் பின்வாங்கினார்கள்.

"பொய் பரப்புகிறவனைச் சும்மா விடுவதா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி போனுக்குப் போன் பறந்தது. அது பொய்தான். ஆனால் எங்கே பிறந்தது அந்தப் பொய்? ஆஸ்பத்திரிக்குப் போனவள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் கிடைக்காத இடத்தில்! விளக்கேற்றாமல் வாயைக் கட்டினால் வதந்தி சாகாது.

மெய் எது, பொய் எது என்று சர்க்காரே தீர்ப்புச் சொல்லவும் முயன்றார்கள். தன் நடவடிக்கை பற்றிய செய்தியைத் தானே அமைக்கும் குழுவைக் கொண்டு சரிபார்க்க மத்திய சர்க்கார் 2023-ல் விதி போட்டது. பம்பாய் ஹைகோர்ட் 2024 செப்டம்பரில் அதைச் செல்லாது என்று தள்ளியது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?

அதே 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பந்தலில் அவர்கள் பேசியதைப் பலர் பார்த்தது போன் திரையில்தான். சான்று தரும் குழு என்பது பெரிய கம்பெனிக்கு வெறும் செலவுக் கணக்கு. போனும் மைக்கும் மட்டுமே வைத்திருப்பவர் தலையில் அதே சுமையை ஏற்றினால் அவர் வாயை மூட வேண்டியதுதான்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொன்னது. ஆகவே நாம் கோருவது இது: புது நகலைத் தமிழிலும் வெளியிட வேண்டும். ஒழுங்குபடுத்தும் அமைப்பு சர்க்காரின் கைப்பாவையாகவும் இருக்கக்கூடாது, கம்பெனியின் கைப்பாவையாகவும் இருக்கக்கூடாது. நீக்கியதற்குக் காரணமும், முறையிட வழியும் வேண்டும். பெரிய தளத்துக்கும் சிறிய குரலுக்கும் ஒரே சுமை கூடாது.

தோழர்களே, நகல் வரும்போது அதை ஷெட்டு ஷெட்டாகப் படித்து விவாதியுங்கள். நம் வாயைப் பற்றிய சட்டத்தை நாம் வாய் மூடி ஏற்க முடியாது!