நல்லதைக் கொடுப்போம், பழையதை அழகாக்குவோம்
(கச்சிராயபாளையம் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெருநாள் வந்தால் வீடு அழகாக இருக்க ஆசைப்படுகிறோம். கையில் காசு இல்லாவிட்டாலும், வாசலுக்கு வரும் தவணைக்காரரிடம் திரைச்சீலையும் மெத்தை விரிப்பும் வாங்கிவிடுகிறோம். பெருநாள் முடிந்துவிடுகிறது, தவணை முடிவதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவப்படத் திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அன்னையார் அதை வீசிவிடவில்லை. வெட்டித் தலையணைகளாகத் தைத்தார்கள். நபியவர்கள் அவற்றில் சாய்ந்துகொண்டார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் இச்செய்தி உள்ளது.

நாமும் செய்யலாம். 5.5 மீட்டர் சேலையில் இரண்டு வாசல்களுக்குத் திரை தைக்கலாம். மிஞ்சும் முந்தானை தலையணை உறையாகும். நைந்த பருத்திச் சேலையை மூன்று விரல் அகலத்தில் கிழித்து, சடையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி தயார். பழைய செய்தித்தாளும் வீணல்ல. 2004 சுனாமிக்குப் பின், ஆரோவில்லின் 'வெல் பேப்பர்' அமைப்பில் சுற்றுக்கிராமப் பெண்கள் அதைச் சுருட்டிக் கூடைகள் செய்து வருமானம் பார்த்தார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கிழிந்ததைத் தர்மப் பையில் போட்டுவிட்டு நல்லதை நாம் வைத்துக்கொள்வது முறையல்ல. நாமே வாங்கத் தயங்கும் பொருளைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது குர்ஆன் (2:267). உடுத்தத் தகுந்ததை ஏழைச் சகோதரிக்குத் துவைத்து, மடித்துக் கொடுப்போம். கிழிந்தது நம் வீட்டுக் கால்மிதியாகட்டும்.