ஓரணியில் வாழப் பழகுதல்

(மாணவர் முகாமின் நிறைவு நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் 32 பிள்ளைகள் வந்தவாசிக்கு அருகேயுள்ள பொன்னூர் மலையடிவாரத்தில் மூன்று நாட்கள் தங்கியிருந்தார்கள். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வந்தவர்கள். ஒரே நகரத்தில் சில கல் தொலைவில் வாழ்ந்தும், பேருந்தில் ஏறியபோது பெரும்பாலோர் ஒருவர் பெயரை ஒருவர் அறியார். திரும்பி வந்து இறங்கியபோது, அழைத்துச் செல்ல வந்த பெற்றோர் அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பிள்ளைகள் பிரிய மனமின்றி நின்றார்கள். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

மலையும் மரமும் தூய காற்றும் பிள்ளைகளை மாற்றிவிட்டன என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. சுற்றுலா சென்றாலும் மலையைக் காணலாம். முகாமில் ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுகிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். எண்மர் கொண்ட நான்கு அணிகளாகப் பிள்ளைகளைப் பிரித்திருந்தோம். ஒவ்வோர் அணியும் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பது நம் வழக்கம். ஆகவே மாலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டியாக வேண்டும். முதல் நாள் மூன்றாம் அணியில் விறகுக்குச் சென்றவர் தாமதித்தார். நீர் வடிகட்ட வேண்டியவர் வேடிக்கை பார்த்து நின்றார். கதிரவன் இறங்கத் தொடங்கிய வேளையில் அவர்களுடைய பானையில் அரிசி பாதிதான் வெந்திருந்தது. யார் குற்றம் என்று உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்திருந்த பெரியவர்கள் எழப் போனார்கள். நான் கையமர்த்தினேன். சற்று நேரத்தில் இரண்டாம் அணிச் சிறுமி ஒருத்தி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து மற்ற அணியினரும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். அன்று எவரும் வயிறு நிறைய உண்ணவில்லை. எவரும் பட்டினியும் கிடக்கவில்லை. மறுநாள் மூன்றே முக்கால் மணிக்கு முதலில் புகைந்தது மூன்றாம் அணியின் அடுப்பு!

அன்றிரவு ஒரு குழந்தை வீட்டை நினைத்து அழுதாள். தாயார் உடனே புறப்பட்டு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். விடியும் வரை பொறுத்திருங்கள் என்று வேண்டிக்கொண்டேன். அந்தத் தாயின் வேதனையை நான் அறிவேன். அந்த இரவு அவரும் உறங்கியிருக்க மாட்டார். கூடாரத்தில் அவளுக்கு அருகே படுத்திருந்த மற்றொரு சிறுமி, தனக்கும் இருட்டென்றால் அச்சம் என்று சொல்லி அவள் கையைப் பற்றிக்கொண்டாளாம். காலையில் இருவரும் சேர்ந்து மலைப்படி ஏறினார்கள். தாயார் வந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். தோழி கிடைத்திருக்க மாட்டாள்.

சிறு அணியாக வாழும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் என்ற படைத்தலைவர் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். அவர்களைக் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரண இயக்கம் அங்கிருந்து பிறந்தது.

1909இல் அது பெங்களூரு வழியாக நம் நாட்டுக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. வகுப்பு வேறுபாட்டைக் கடந்து பிறந்த இயக்கம், இங்கே நிற வேறுபாட்டின் முன் நின்றுவிட்டது. அதற்கு மறுமொழி நம் சென்னையிலிருந்து எழுந்தது. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1921இல் பேடன் பவலே இந்தியாவுக்கு வந்தார்; பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நாட்டின் பல்வேறு சாரணர் அமைப்புகள் ஒன்றாகி, பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. வெளியே நிறுத்தப்பட்ட சிறுவர்களுக்காக நம் அடையாற்றில் ஒரு கதவு திறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த வரலாற்றை வகுப்பில் பலமுறை சொல்லியவன் நான். ஆயினும் அதன் பொருளை நான் கற்றது ஒரு மாணவனிடமிருந்து.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏரிக்கரையில் 24 சிறுவர்களுடன் முகாம் அமைத்திருந்தேன். இருபத்தைந்தாவதாக ஒருவன் வந்திருந்தான். அவன் தாயார் பூ விற்றுப் பிழைத்தவர். முகாம் கட்டணம் செலுத்த இயலவில்லை. அவனை விட்டுச் செல்ல மனமில்லாமல், சமையற்காரருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அழைத்துச் சென்றேன். அதைப் பெருந்தன்மை என்றே கருதியிருந்தேன். இரண்டாம் நாள் மாலை அணித் தலைவர்கள் எண்ணிக்கை சொன்னார்கள். ஆறு பேர் கொண்ட அணியின் தலைவன், “ஏழு பேர், ஐயா” என்றான். கணக்குத் தெரியாதா என்று கடிந்துகொண்டேன். அவன் தலை குனியாமல், “அவனையும் சேர்த்துத்தான் ஐயா எண்ணினேன்” என்றான்.

எனக்கு நா எழவில்லை. அந்த ஏழாமவன் பாத்திரம் துலக்கிய ஈரக் கையுடன் தொலைவில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டியலை எடுத்து அவன் பெயரை என் கையாலேயே எழுதினேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய பெயர் அது. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியனாகிய எனக்குத் தெரியாமற்போயிற்று.

அந்த நினைவோடுதான் இன்று உங்கள்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, அறங்காவலர்களுக்கு. அடுத்த ஆண்டு முகாமில் நம் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளி மாணவர்களும் இடம்பெற வேண்டும். உதவியாளர்களாக அல்ல, விருந்தினர்களாகவும் அல்ல, அணியினராக. யார் கட்டணம் செலுத்தினார், யாருக்கு அறக்கட்டளை செலுத்தியது என்பது கணக்கருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, பெற்றோர்களுக்கு. வீட்டிலும் உங்கள் பிள்ளைக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். அதில் தவறினால் நீங்கள் ஓடிச்சென்று நிறைவேற்றிவிடாதீர்கள். பாதி வெந்த அரிசி கற்றுக்கொடுத்ததை நம் அறிவுரைகள் கற்றுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது, உங்களுக்கு, குழந்தைகளே. அணியைக் கலைத்துவிடாதீர்கள். கூடுவதற்கு மலையடிவாரம் தேவையில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரை இருக்கிறது. 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று அங்கே இயங்கிவருகிறது. சனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. தெருவிளக்கின் ஒளியைக் கடலின் ஒளி என்று மயங்கி அவை சாலைப் பக்கம் திரும்பிவிடும். உடனிருந்து கடலில் சேர்க்க ஆள் வேண்டும். எவ்வுயிர்க்கும் தீங்கு நினையாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். உங்கள் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஓர் இரவு அவர்களோடு நடந்து பாருங்கள்.

புறப்படுமுன் எண்ணிக்கை எடுங்கள். அப்போது உங்கள் அருகே, பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் நின்றுகொண்டிருந்தால், அவரையும் சேர்த்தே எண்ணுங்கள்.