ஊதும் சூரியனும் உதகைச் சரிவும்

(சின்னசேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

களத்துமேட்டில் முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி நெல்லைத் தூற்றும்போது மணி காலடியில் விழுகிறது, பதர் காற்றோடு போகிறது. காற்றைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. பதர் போகிற போக்கை வைத்தே அது எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகமாக வருகிறது என்று சொல்லிவிடுகிறோம். சூரியனிலிருந்தும் ஒரு காற்று வீசுகிறது என்பது தெரியவந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். வால்விண்மீனுக்கு வால் இரண்டு. தூசி வால் வளைந்து பின்தங்கும். மின்னேற்றம் கொண்ட வாயுவாலான மற்றது சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நேராக நீளும். தூசியைத் தள்ள சூரிய ஒளியே போதும். வாயு வாலை அப்படி விரட்ட ஒளியால் ஆகாது. சூரியனிலிருந்து எந்நேரமும் எல்லாப் பக்கமும் துகள்கள் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று 1951-இல் ஜெர்மனியின் லுட்விக் பியர்மன் எழுதினார். ஒரு விண்கலம்கூட ஏவப்படாத காலம் அது. இன்று நம் ஆதித்யா-எல்1 உட்படப் பல கலங்கள் அந்தக் காற்றுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே தரையிலிருந்து பார்க்கிற வேலை தீர்ந்துபோயிற்று என்ற நினைப்பு படித்தவர்களிடமும் உண்டு. அந்த நினைப்பு தவறு என்பதே என் வாதம். பரந்து வீசுகிற ஒன்றை ஓரிடத்தில் தொட்டுப் பார்ப்பது ஓர் அறிவு, தள்ளி நின்று முழுதாகப் பார்ப்பது வேறோர் அறிவு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

தொட்டுப் பார்ப்பதன் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1958-இல் சிகாகோவின் யூஜின் பார்க்கர் ஒரு கணக்கோடு வந்தார். சூரியனைச் சூழ்ந்த கொரோனாவின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அவ்வளவு சூடான வாயு அசையாமல் நிற்க வழியில்லை. மெல்லக் கிளம்பி, ஒலியின் வேகத்தையும் மிஞ்சி, வெளியே ஓடிக்கொண்டே இருக்கும் என்றது அந்தக் கணக்கு. ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் இருவர் கட்டுரையை நிராகரித்தார்கள். அந்த இதழின் ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். கருத்து அவருக்கும் உவப்பாக இல்லை. ஆனால் கணிதத்தில் யாரும் பிழை காட்டவில்லை என்பதால் அச்சிட்டார். தனக்குப் பிடிக்காததை நியாயத்துக்காக வெளியிட்ட அந்தச் செயலை அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு அருகில் வைத்தே நான் மதிக்கிறேன். தீர்ப்பு 1962-இல் வந்தது. வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்ட மாரினர் 2, போகிற வழியெல்லாம் அந்தக் காற்றை அளந்துகொண்டே போனது. வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர். ஒரு நாள்கூடக் காற்று ஓயவில்லை. வாதத்தை முடித்துவைத்தது கலம்தான்.

ஆனால் மாரினர் அளந்தது தான் போன பாதையைத்தான். கோள்கள் சுற்றுகிற தளத்தை ஒட்டியே அன்றைய கலங்கள் எல்லாம் போயின. சூரியனின் துருவங்களிலிருந்து என்ன வீசுகிறது என்று அவற்றால் சொல்ல முடியாது. இங்கேதான் மினுக்கம் உதவிக்கு வந்தது. வானத்தில் விண்மீன் மினுக்கும், கோள் மினுக்காது. புள்ளியாகத் தெரியும் ஒளிதான் நம் காற்றின் அலைச்சலில் துடிக்கும். தொலைதூரத்து ரேடியோ மூலங்களும் அப்படியே, சூரியக் காற்றின் அடர்த்தி ஏற்ற இறக்கங்களைக் கடந்து வரும்போது மினுக்குகின்றன. 1964-இல் கேம்பிரிட்ஜில் ஆண்டனி ஹியூயிஷ் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். துருவப் பக்கத்துக் காற்று வேகம் கூடியது என்பதற்கான அறிகுறி 1967-இலேயே இந்த முறையில் கிடைத்துவிட்டது. யுலிசிஸ் கலம் வியாழனின் ஈர்ப்பைப் பிடித்துத் திரும்பி, சூரியனின் தென்துருவத்துக்கு மேலே சென்று நொடிக்குச் சுமார் 750 கிலோமீட்டர் என்று அளந்தது 1994-இல். கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தரை முந்திக்கொண்டது.

நம் ஊருக்கு உரிய சான்று நீலகிரியில் இருக்கிறது. உதகைக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுப்பி 1970-இல் முடித்த ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கிண்ணம்போல் இருக்காது, நீளவாக்கில் பிளந்த குழாயைச் சரிவில் கிடத்தியதுபோல் இருக்கும். 24 சட்டங்களின் மேல் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள் நெடுக ஓடுகின்றன, அவைதாம் அதன் கண்ணாடி. அந்தச் சரிவைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம். இங்கே வானம் தெளிந்த இரவில் வடக்கே கையை நீட்டி முஷ்டியைப் பிடித்துப் பாருங்கள். முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே துருவ விண்மீன். சின்னசேலமும் உதகையும் ஏறத்தாழ ஒரே அட்சத்தில் இருப்பதால் அங்கும் அதே உயரம்தான். வடக்கு தெற்காக 11 டிகிரி சரிந்த மலையில் கருவியைக் கிடத்தினால் அதன் அச்சு தானாகவே, துருவ விண்மீனை நோக்கும் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். முத்தோரைக் கருவி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மூலங்களின் மினுக்கத்தைப் பார்க்கும். ஒற்றைத் தொலைநோக்கியின் மினுக்கப் பதிவிலிருந்தே காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறையை 1990-இல் மனோகரனும் ஆனந்தகிருஷ்ணனும் வெளியிட்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. மினுக்கம் என்பது ஊகம். பார்வைக்கோடு நெடுகிலும் உள்ளதையெல்லாம் கூட்டித் தருகிறது. கலமோ நேரே எண்ணிச் சொல்கிறது என்பார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது எப்போதும் உண்மையில்லை. வாயேஜர் 1 கலம், சூரியக் காற்று ஊதி வைத்திருக்கும் பெருங்குமிழியைத் தாண்டியது 2012 ஆகஸ்டில். ஆனால் துகள்களை எண்ணும் அதன் கருவி 1980-இலேயே பழுதாகிவிட்டது. தாண்டியதா இல்லையா என்று விஞ்ஞானிகள் ஓராண்டு வாதிட்டார்கள். பிறகு சூரிய வெடிப்பு ஒன்றின் அதிர்வு அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயுவை அதிரவைத்தது. அதிர்வெண்ணிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்ட பிறகே சந்தேகம் தீர்ந்தது. குமிழிக்கு வெளியே நின்ற கலமும் கடைசியில் அதிர்வைக் கேட்டு அனுமானிக்கத்தான் வேண்டியிருந்தது. 2018-இல் வாயேஜர் 2-உம் வெளியேறியது. இரண்டு இடத்தில் ஊசி குத்தியாயிற்று. குமிழி வால்விண்மீன் வடிவமா, வேறு வடிவமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, ஆதித்யா வந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவான அந்தக் கலம் 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள எல்-1 என்னும் புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். பெரிய தூரம்தான், ஆனால் சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வழியில் நூற்றில் ஒரு பங்கில் நிற்கிற காவல்காரர் அது. நொடிக்கு 400 கிலோமீட்டரில் வரும் காற்று எல்-1-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் இங்கே. 800 என்றால் அரை மணி. மீதி 99 பங்கு வழியில் சூரிய வெடிப்பு விரிகிறதா, வேகம் குறைகிறதா, திசை மாறுகிறதா என்று பார்க்க மினுக்கம் போன்ற முறை வேண்டும். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெடிப்பால் வரும் சூரியப் புயலின் காந்தப்புலம் தெற்கு நோக்கியதா என்பதைப் பொறுத்தே அது பூமியின் காந்தக் கவசத்தை எவ்வளவு அசைக்கும் என்பது தெரியும். மினுக்கத்தால் அதைச் சொல்லவே முடியாது, கலத்தின் காந்தமானிதான் சொல்லும். 2024 மே 10, 11 தேதிகளின் பெரும் புயலின்போது ஆதித்யாவின் துகள் கருவிகள் காற்றின் எழுச்சியைப் பதிந்தன. சூரியனைப் படமெடுக்கும் அதன் இரண்டு முக்கியக் கருவிகள் அப்போது சீரமைப்பு நிலையில் இருந்ததால் அந்த நிகழ்வைக் காணவில்லை. குறையாக இதைச் சொல்லவில்லை, புதுக் கருவிக்கு அது தேவையான வேலை. ஒரே கண்ணை நம்பியிருக்கக்கூடாது என்பதற்கே சொல்கிறேன்.

ஜவ்வரிசி ஆலையும் அரிசி ஆலையும் ஓடும் இந்த ஊருக்கு இதனால் என்ன என்று கேட்டால், பயமுறுத்திப் பதில் சொல்ல மாட்டேன். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் சூரியப் புயலால் 60 லட்சம் பேருக்கு மின்சாரம் போனது. துருவ ஒளி வட்டத்துக்குப் பக்கத்து நாடு அது. நம் அட்சத்தில் மின்கம்பிகளுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. இங்கே பிரச்சினை வானில்தான். 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயல் மேல்வளிமண்டலத்தைத் தடிப்பாக்கியதில், அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40 விழுந்து எரிந்தன. காந்த நடுக்கோடு நெல்லைப் பக்கமாகப் போவதால், செயற்கைக்கோளை நம்பி இடம் காட்டும் நில அளவைக் கருவிகளின் சமிக்ஞை நம் வானில் இரவு நேரத்தில் தடுமாறும். அளக்கும் காரியத்திலோ தாழ்ந்த அட்சம் குறைபாடே இல்லை. வரலாற்றின் மிகப் பெரிய புயலாகக் கருதப்படும் 1859 செப்டம்பர் 2-இன் புயலின்போது பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானியின் முள்ளை ஆட்கள் கண்ணால் பார்த்து ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். காந்தப்புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்தது. அந்தப் புயலின் வலிமையை இன்று மதிப்பிட உலகமே எடுத்துப் பார்ப்பது அந்த ஏட்டைத்தான்.