கடனை அடைத்தால் தறி மாறலாம்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் அமெரிக்கக் கூடைப்பந்தில் தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே என்பிஏ லீக்கில் 'ரெஸ்டிரிக்டட் ஃப்ரீ ஏஜென்சி' என்றொரு விதி இருக்கிறது. முதல் ஒப்பந்தம் முடிந்த இளம் வீரர் வேறு அணியோடு சம்பளம் பேசலாம். ஆனால் அதே சம்பளத்தை நானே தருகிறேன் என்று பழைய அணி சொல்லிவிட்டால் அவர் அங்கேயேதான் ஆட வேண்டும். கட்டுதான், சந்தேகமில்லை. ஆனாலும் ஏறிய சம்பளம் வீரரின் கைக்கு வருகிறது. அது வேண்டாம் என்றால், பழைய அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தத்தை ஆடி முடித்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

இதுவும் சும்மா வரவில்லை. முன்பு ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரை அணி விடாது. வீரர் சங்கத் தலைவராக இருந்த கறுப்பின வீரர் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் வழக்குப் போட்டார். 1976இல் லீக் இறங்கி வந்தது.

அதே 1976இல்தான் இங்கே கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமை என்றதும் நம் மனதில் செங்கல் சூளையும் பூட்டிய கதவும் வருகின்றன. சட்டத்துக்குப் பூட்டு தேவையில்லை. முன்பணம் வாங்கியதால் ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தாலே போதும். 6ஆம் பிரிவின்படி அந்தக் கடன் ஒழிந்தது. அது கொத்தடிமைக் கடன் இல்லையென்றால் அதைக் கடன் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு.

இப்போது தறிக்கு வருவோம். கூலி நெசவில் முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், கூடவே முன்பணமும். கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று அது ஏறும். கூலியில் அதைப் பிடிக்காமல் விடுவதும் உண்டு. தாராள மனசு என்று நினைக்காதீர்கள், கடன் தீர்ந்தால் ஆள் போய்விடுவார். வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால், அவர் பழையவரின் கடனை அடைக்க வேண்டும். பணம் முதலாளி கையிலிருந்து முதலாளி கைக்குப் போகிறது. கூலி ஏறுவதில்லை. நெசவாளியின் கடனுக்கு மட்டும் விலாசம் மாறுகிறது.

பரம்பரை நெசவுச் சாதிகளிலும் கடனில் சிக்கிய கூலிக்காரர்கள் ஏராளம். ஆனால் பாட்டன் விட்டுச்சென்ற தறியோ கடையோ இல்லாத தலித் குடும்பங்களுக்கு இந்தத் தொழிலின் வாசலே முன்பணம்தான். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பட்டுத் தொழிலில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றியது. அது ஆராய்ந்த ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. ஒப்பந்தம் முடிய ஒரு தேதி உண்டு. இந்தக் கடனுக்கு அது இல்லை, பிள்ளைக்கும் இறங்குகிறது.

சட்டத்தின் 13ஆம் பிரிவு மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் அந்த மாவட்டத்தில் வசிக்கும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த மூவர் இருந்தாக வேண்டும். இங்கே அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை தறிகளைப் போய்ப் பார்த்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்கு மனு எழுதி, நகல்கள் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.