தகப்பன் பெயர் இல்லாத பேரேடு

முன்னோரைத் தேடும் மாணவர்கள், ஏட்டை எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்று முதலில் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், 1895இல் இறக்கும்வரை தன் பிறந்த நாளை அறியவில்லை. 1817 என்று உத்தேசமாகச் சொல்லிவந்தார். ஆண்டை ஆரன் அந்தோணியின் பேரேட்டிலோ அது இருந்தது: 1818 பிப்ரவரி, தாய் ஹாரியட். தகப்பன் பெயர் இல்லை.

தாய்க்கும் மாதத்துக்கும் அந்தப் பேரேட்டை நம்பலாம். அடிமைத்தாயின் பிள்ளை ஆண்டைக்குச் சொத்து என்றது சட்டம். சொத்துக் கணக்கில் பிசகுவானா? தகப்பனை எழுத அவனுக்கு அவசியமே இல்லை. எனவே அந்த வெற்றிடம் எதற்கும் சாட்சி ஆகாது.

ஆண்டையே தகப்பன் என்ற ஊர்ப்பேச்சை 1845இல் டக்ளஸ் அச்சிலேற்றினார். பின்னர் எழுதிய தன்வரலாற்றில், தகப்பனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொன்னார்.