வீட்டுக்குள் மூச்சு முட்டினால் யார் குற்றம்?



சாதி ஒழிப்பு பற்றிப் பேச அழைத்த இடத்தில் நான் புழுக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நகரத்து உழைக்கும் மக்களுக்குக் கட்டித்தரப்படும் வீடுகளைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. வீடு வீடாகப் போய் வேலை, பள்ளிக்கூடம், பஸ் வசதி என்று எதைக் கேட்டாலும் நடுவில் இந்தப் பேச்சு வந்துவிடும்: “ராத்திரியானா மூச்சு முட்டுது தம்பி.” பிள்ளைக்கு வீசிங், பாட்டிக்கு இளைப்பு. கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். புழுக்கமான காற்றில் ஆக்ஸிஜன் இல்லை, அதனால்தான் மூச்சு முட்டுகிறது என்று பலர் நினைக்கிறோம். நாம் இழுக்கும் காற்று எப்படிப்பட்டதாக இருந்தாலும், அது நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூக்கும் மூச்சுக்குழாயும் அதை 37 டிகிரிக்குக் கொண்டுவந்து ஈரத்தால் நிறைத்துவிடுகின்றன. அங்கே கிடைக்கும் ஆக்ஸிஜனில் பெரிய வித்தியாசம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு வெளியேறும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது, வழியத்தான் செய்யும். இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ள 6 பேரை 49 டிகிரிச் சூடான, ஈரமான காற்றை 4 நிமிடம் வேகமாக இழுத்துவிடச் சொன்னார்கள். மூச்சுக்குழாயில் காற்றுக்கு இருந்த தடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆஸ்துமா இல்லாதவர்களுக்குக் கொஞ்சம்தான் ஏறியது. சூடும் ஈரமும் சேர்ந்து அங்குள்ள நரம்புகளைத் தூண்டிக் குழாயைச் சுருக்குகின்றன. (குளிர்ந்த காற்றும் வேறு வழியில் இதே வேலையைச் செய்யும். மார்கழி விடியலில் தெருப் பெருக்கப் போகும் அம்மாக்களைக் கேளுங்கள்.)

இவை உடனே தெரிபவை. சுவர் மெதுவாகக் கொல்லும். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், பாயிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் பெருகும். இரண்டும் இளைப்பைக் கிளப்பிவிடுபவை. சென்னையில் பெரும்பாலான நாள்கள் விடியும்போதே வெளிக்காற்றின் ஈரப்பதம் 70ஐத் தாண்டியிருக்கிறது. அதோடு வீட்டுக்குள் நாமும் ஈரத்தைச் சேர்க்கிறோம். சோறு வேகும் ஆவி, குளியல், உள்ளேயே கொடி கட்டிக் காயப்போடும் துணி, நம் மூச்சு. சமையல் எரிவாயு எரிந்தாலே தண்ணீர் உண்டாகும் என்பது பள்ளிக்கூட வேதியியல்தான். ஒரு கிலோ எரிவாயு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவியைத் தரும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்திருக்கிறது. அடையாறில் ஒரு பெரிய வீட்டிலும் இதே 20 லிட்டர்தான். அங்கே அது நான்கு அறையில் பரவி, பத்து ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிக்குள் அடங்கியவை. அந்த ஓர் அறையிலேயே அடுப்பும் பாயும் கொடியும்.

எங்கள் வீடும் ஓரறை வீடுதான். அம்மாவுக்கு இளைப்பு. ஒரு மருத்துவமனையில் டாக்டர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னதும், “வீட்டைச் சுத்தமா வெச்சுக்கோங்கம்மா” என்றார். அவ்வளவுதான் ஆலோசனை. ஜன்னல் இருக்கிறதா, சுவரில் ஓதம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இல்லை. அம்மா அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை பினாயில் ஊற்றித் துடைத்தார். காற்றே நுழையாத அறையில் தரையை மூன்று தடவை ஈரமாக்கினால் என்ன ஆகும்? பினாயில் நெடி வேறு. இரவில் இளைப்பு கூடியது. இன்னும் நன்றாகத் துடைக்க வேண்டும்போல என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

‘சுத்தம்’ என்ற சொல் யாரை நோக்கி எப்போது வீசப்படுகிறது என்று நமக்குத் தெரியும். இது இந்தியாவில் மட்டும் நடப்பதும் இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் சமூக வாடகை வீட்டில் இருந்தது. சுவரெல்லாம் பூஞ்சை. அப்பா 2017இலிருந்து புகார் சொன்னார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கிறவர்கள், வாழ்க்கைமுறைதான் காரணம் என்று வீட்டு நிர்வாகம் முடிவுகட்டியது. 2020 டிசம்பரில் அவர்களுடைய இரண்டு வயது மகன் ஆவாப் இஷாக் இறந்தான். நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. பிறகுதான் அந்தக் குழந்தையின் பெயரில் சட்டம் வந்தது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் சரிசெய்தாக வேண்டும்.

நம்மிடமும் காகிதத்தில் ஒன்று இருக்கிறது. ஈரமான வெப்பப் பகுதிகளில், கதவுகளைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 200 சதுர அடிக்கு ஏறக்குறைய 33 சதுர அடி. ஆறடிக்கு ஐந்தரை அடி ஜன்னல். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? இருந்தாலும் எதிர் பிளாக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் காற்று எப்படி வரும்? தரைத்தளத்தில் பெண்கள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க முடியுமா? கொசு, சாக்கடை நாற்றம், எட்டிப்பார்க்கும் கண்கள்.

தீண்டப்படாதவர்கள் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற கேள்வியை 1948இல் ஒரு புத்தகமாகவே விரித்தார் அண்ணல் அம்பேத்கர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் பெரும்பாக்கம் போனார்கள். பெரும்பான்மையோர் தலித் மக்கள். ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி அழைத்துப்போன இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். ஊரின் தாழ்வான பக்கம் சேரிக்கு என்பது கிராமத்து வழக்கம் மட்டும்தானா?

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில. சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள். துணியை வராந்தாவில் காயப்போடுங்கள். தவணையில் ஏர் கூலர் வாங்கும் தோழர்கள் கவனிக்க: அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவி. நாக்பூரின் வறண்ட வெயிலுக்குச் சரி. சென்னையில் அறையைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் புழுக்கம்தான் கூடும். பூஞ்சைமேல் சுண்ணாம்பு அடித்தால் கொஞ்ச நாள் மறையும், கசியும் குழாயைச் சரிசெய்யாமல் போகாது. அது வாரியத்தின் வேலை, நம் துடைப்பத்தின் வேலை இல்லை.

அடுத்த ஞாயிறு மனு எழுத உட்காருகிறோம். வரும்போது ஆளுக்கொரு டேப் எடுத்து உங்கள் வீட்டு ஜன்னலின் நீள அகலத்தையும் தரைப்பரப்பையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சுவரைப் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. துணி காயப்போட முடியாமல் பூட்டிவைத்திருக்கும் மொட்டைமாடியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.